மூலையில் பச்சைக் கோடு இல்லாத தாள்

என் பெயர், தகப்பனார் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை முகப்புத் தாளில் எழுதப்பட்டுவிட்டபடியால் இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை என்று விசாரணை அதிகாரி கூறினார். வயது 47. தொழில் செவிலியர். பொது மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில், அதாவது சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் பிரிவில், பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடைசி ஒன்பது வருடமாக அங்கே பொறுப்புச் செவிலியர். வார்டில் என்னைப் பெரியக்கா என்பார்கள். என்னை யாரும் வற்புறுத்தியோ பயமுறுத்தியோ இங்கே அழைத்து வரவில்லை. இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நானாக வந்தேன்.

தையல்காரர் இறந்த வழக்கில், தன் கவனக்குறைவே காரணம் என்று நேற்று முன்தினம் எழுதிக் கொடுத்திருக்கும் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆசிரியை என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி. வயது 39. ஒரே வீட்டில் கீழே நாங்களும் மாடியில் அவர்களும் இருக்கிறோம். எங்களுக்குள் சொத்துத் தகராறோ பாத்திரத் தகராறோ எதுவும் கிடையாது. அவள் மீது எனக்குப் பொறாமை. இதை எழுதத்தான் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதச் சொன்னேன், ஏனென்றால் இதை விட்டுவிட்டால் நான் செய்ததெல்லாம் கைத்தவறு போலத் தெரியும்.

அவள் கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்த முதல் மாதமே என் மாமியார் மாடியில் சாப்பிட ஆரம்பித்தார். மாடிக் குழாய் ஒழுகினால் என் கணவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார், எங்கள் குழாய்க்கு நான் மூன்று வாரம் கந்தல் துணி சுற்றி வைத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரைப் பற்றியும் குறை சொல்லிக் கேட்டதில்லை. என்னைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் பிரிவில் ஆறு இயந்திரங்கள்தான் உண்டு. ஓர் இயந்திரத்தில் நிரந்தர இடம் காலியானால் அதை யாருக்குக் கொடுப்பது என்று ஐந்து பேர் கொண்ட நெறிக்குழு வியாழக்கிழமை கூடி முடிவு செய்யும். முடிவை ஒதுக்கீட்டுத் தாள் என்னும் மஞ்சள் படிவத்தில் குழுவின் செயலாளர் எழுதிக் கையெழுத்திட்டு வார்டுக்கு அனுப்புவார். மூன்று வருடத்துக்கு முன்பு செயலாளர் இடம் காலியானபோது அது எனக்குத்தான் வரும் என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அதன் பிறகு தலைமை மருத்துவர் என்னை அழைத்து, என் அனுபவம் பெரியது என்றும், ஆனால் என் ஓரகத்தி நெறியியலில் மூன்று மாதப் படிப்பு முடித்திருப்பதால் அவரைப் போட்டிருப்பதாகவும் கூறினார். எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். நல்லது கெட்டது தெரிய மூன்று மாதப் படிப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்று வீட்டில் என் கணவர் அவளுக்கு வாழ்த்துச் சொல்ல மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

அவளைக் கேலி செய்ய நான்தான் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்தேன். இரண்டு மாதத்தில் வார்டு முழுவதும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, 'தராசு சொன்னா சரியா இருக்கும்' என்று நோயாளிகள்வரை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வைத்த பெயரில் அவள் குளிர்காய்ந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு அவள் வார்டுச் செவிலியர்களுக்கு வகுப்பு எடுப்பாள். மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்துகொள்வோம். ஒரு சிக்கலைச் சொல்லி யாருக்கு இயந்திரத்தைக் கொடுக்கலாம் என்று எங்களை வாதாட விடுவாள். கடைசியில் கை தூக்கச் சொல்லி, வந்த முடிவை அசலான மஞ்சள் படிவத்திலேயே எழுதி அசலாகவே கையெழுத்துப் போடுவாள். சாதாரணத் தாளில் எழுதினால் போதாதா என்று ஒரு செவிலி கேட்டதற்கு, "கையெழுத்துப் போடும்போதுதான் கை நடுங்கும், அந்த நடுக்கம் பழகணும்" என்று சொன்னாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பச்சைப் பென்சிலால் தாளின் வலது மூலையில் ஒரு குறுக்குக் கோடு இழுப்பாள். கோடு இருந்தால் பயிற்சித் தாள், இல்லாவிட்டால் அசல். இது அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சம்பவம் தொடங்கியது சென்ற வாரச் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் நான்காம் எண் இயந்திரத்தில் புதன், சனி காலை நேரம் உண்மையாகவே காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மருத்துவமனை எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த தையல்காரர், வயது 58, ஏழு வாரமாகக் காத்திருந்தவர். எந்த இயந்திரம் காலியாக இருக்கிறதோ அதில் தற்காலிகமாக அவரை உட்கார வைத்து வந்தோம், அந்த வாரம் நான்காம் எண்ணில். மற்றவர் பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் பெண், வயது 31, இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய், வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை குழு முடிவு செய்ய வேண்டிய இந்த விஷயத்தையே என் ஓரகத்தி செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாடமாக வைத்தாள்.

வகுப்புக்கு முன்னால் நான் ஒரு நோயாளியின் ரத்த அழுத்த அட்டையில் குறி போட அவள் மேஜையிலிருந்த பச்சைப் பென்சிலை எடுத்திருந்தேன். குறி போட்டதும் அதைச் சீருடைப் பையில் செருகிக்கொண்டேன்.

வகுப்பில் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தோம். பிள்ளைகள் உள்ளவள், வயதில் சின்னவள், அவள் பிழைத்தால் மூன்று பேர் பிழைத்த மாதிரி என்று ஒரு செவிலி சொன்னாள். அதற்கு என் ஓரகத்தி, நீ பலனைப் பார்க்கிறாய் என்றாள். ரொம்ப நாள் நோயைத் தாங்கியவர் இன்னும் கொஞ்சம் தாங்குவார் என்று வேறு ஒருத்தி சொன்னாள். பிறகு நான் எழுந்து, ஏழு வாரத்துக்கு முன்பு 'அடுத்த காலி இடம் உங்களுக்குத்தான்' என்று அவரிடம் சொன்னது நான் என்றும், ஒரு மனிதரிடம் கொடுத்த வாக்கு இன்னொருத்தருக்குப் பிள்ளைகள் இருப்பதால் செல்லாமல் போகாது என்றும், இன்று அவரைத் தள்ளினால் நாளை வரிசையில் நிற்கும் எவரும் நம்மை நம்பமாட்டார்கள் என்றும் சொன்னேன். அதை நான் மனதாரச் சொன்னேன். என் ஓரகத்தி, "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றாள். சொல்றதுல என்று சொல்லவில்லை, சொல்றதுலயும் என்றாள். அதன் பிறகு கை தூக்கச் சொன்னாள். கண்டக்டர் பெண்ணுக்குப் பதினொன்று, தையல்காரருக்கு என் கையையும் சேர்த்து நான்கு. வந்த முடிவை அவள் மஞ்சள் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அவள் மேஜையைத் துழாவி, "என் பச்சைப் பென்சிலை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

அது என் பையில் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். அவள் குனிந்து மேஜைக்கு அடியிலும் பெட்டிகளுக்கு நடுவிலும் தேடியதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது. அப்போது பள்ளியிலிருந்து யாரோ அவளை அழைத்தார்கள். கோட்டைப் பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மாலையில் அந்த அறையைப் பெருக்க வந்த பணியாள், கையெழுத்துள்ள தாள் எதுவானாலும் வார்டுத் தட்டில் வைக்கும் தன் வழக்கப்படி அதை என் மேஜைத் தட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் வேலைக்கு வந்தபோது தாள் தட்டில் இருந்தது. அது என்ன தாள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது இப்படியே போனால் நாளைக்குக் குழுவில் தலைமை மருத்துவர், 'வியாழக்கிழமைக்கு முன்னால் யார் முடிவெடுத்தது' என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்பார், அவள் முகத்தில் ஈயாடாது, என்று நினைத்தேன். ஒரு நாள் கூத்து, வியாழக்கிழமை சரியாகிவிடும், தையல்காரருக்கு ஒரு வேளைதான் தவறும் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு கண்டக்டர் பெண்ணை அழைத்து நான்காம் எண்ணில் படுக்க வைத்தேன்.

தையல்காரர் ஏழரை மணிக்கு வந்தார். கால் வீங்கியிருந்தது, செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டு நடந்து வந்தார். வார்டுச் செவிலியர் எல்லோருக்கும் சீருடை தைப்பவர் அவர்தான். என் சீருடையில் நான் கேட்காமலேயே இடது பக்கப் பைக்குள் ஒரு சின்ன உள்பை வைத்துத் தைத்தவர். "கத்திரிக்கோலு குத்தாம இருக்கும்மா" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த உள்பையில்தான் பென்சில் அப்போதும் இருந்தது. நான் அவரிடம், குழு கண்டக்டர் பெண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டது, அடுத்த இடம் காலியாக நீங்கள் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், மூச்சு முட்டினால் மட்டும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்று சொன்னேன். அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன், மூன்றாம் எண்ணில் அரை நேரமாவது உட்கார வைத்திருப்பேன். அவர் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். கையெழுத்தைப் பார்த்தார்.

"தராசு மேடம் போட்டதா? அப்போ யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க. சின்னப் பிள்ளைங்க இருக்குல்ல. நான் பொறுத்துக்கறேம்மா."

ஏழு வாரம் அவருக்கு ஊசி போட்டவள் நான், வாக்குக் கொடுத்தவள் நான், அவருக்காக எழுந்து நின்று வாதாடியவள் நான். அவர் நம்பியது அவள் கையெழுத்தை. அந்த நேரத்தில் என் வாயில் உண்மை வந்துதான் இருந்தது, அவர் சொன்ன அந்த வார்த்தையால் அதை விழுங்கினேன். சரி, போய்ப் பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் அவரையும் சேர்த்தே கோபித்துக்கொண்டேன். அவர் செருப்பின் வாரை மறுபடி மாட்டப் பார்த்து, முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை ஆறு மணி அளவில் என் ஓரகத்தி துணி எடுக்கக் கீழே வந்தவள், "தையல்காரருக்கு வீக்கம் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அவள் கேட்டது சாதாரணமாக. நான் சொன்னது பொய்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தலைமை மருத்துவர் வெளியூர் போயிருப்பதால் குழு திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டதாக வார்டுக்குத் தகவல் வந்தது. என் கணக்கு அந்த இடத்தில் உடைந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். தையல்காரர் கடை என் ஜன்னலிலிருந்து தெரியும் தூரம். ஒருவரை அனுப்பி அழைத்து வரச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் புதன்கிழமை நான் செய்தது வெளியே வரும், திங்கட்கிழமை அவள் மூக்கு உடைவதற்குப் பதிலாக என் மூக்கு உடையும். அதன் பிறகு வெள்ளிக்கிழமையும் போனது. கடை திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை ஜன்னலில் பார்த்தேன், திறந்திருந்தது, அதையே சாக்காக வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் செய்கிற கெடுதலுக்குத்தான் பயப்படப் பழக்குவார்கள். செய்யாமல் விடுகிற கெடுதல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பதால் கை சுத்தமாக இருப்பது போலவே இருக்கும்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் தையல்காரர் கடையில் மயங்கி விழுந்ததாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுத்தம் செய்யப்படாத ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் எழுதினார். நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள், அதில் பன்னிரண்டு நிமிடம் அமுக்கியது நான். அப்போது பையிலிருந்த பென்சில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் என் இடுப்பில் இடித்தது. முதல் நாளே மூச்சு வாங்கியதாகவும், 'ரெண்டு வாரம்னு சொல்லிட்டாங்க, நடுவுல போய்த் தொந்தரவு பண்ணக்கூடாது' என்று, அழைத்து வரப் பார்த்த தன்னை அவர் தடுத்துவிட்டதாகவும் அவர் மனைவி என்னிடமே சொன்னார். தையல்காரர் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, அதை நான்தான் சுருட்டி மனைவியிடம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை குழுவில் மஞ்சள் தாள் வெளியே வந்தது. நான் எதிர்பார்த்தது போலவே தலைமை மருத்துவர் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார். நான் கதவருகே நின்றிருந்தேன். அவள் தாளை வாங்கி வலது மூலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, "இது பயிற்சித் தாள். கோடு போடாம விட்டது நான். தப்பு என்னோடது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். யார் கொண்டுபோய் வைத்தார்கள், யார் அதைச் செயல்படுத்தினார்கள் என்று அவள் வாய் திறக்கவில்லை. வகுப்பில் இருந்த மற்றப் பதினான்கு பேரும்கூட நானும் அங்கே இருந்தேன் என்று எவரிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடுவது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கீழே வந்தாள். என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க வகுப்புல இருந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ரெண்டு பேரும் போயிட்டா வார்டை யார் பாக்கறது? ஆறு மெஷினும் உங்க கையில இருக்கு."

அதன் பிறகு அவள், "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். பலனைப் பார்த்து உண்மையை மறைக்கலாமா என்று வகுப்பில் கேட்டால் கூடாது என்பவள், எனக்காக மறைத்துவிட்டுப் போனாள். அன்றுதான் இங்கே வந்து எழுதிக் கொடுத்தாள்.

நேற்று வார்டுக்கு அவள் மேஜையைக் காலி செய்ய ஆள் வந்தபோது கோப்புகளை எடுத்துக் கொடுத்தவள் நான். அதில் குழுவின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்காக அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமை தேதி, வகுப்பு முடிந்த பிறகு எழுதியது. அதில், வகுப்பில் பெரும்பான்மை வேறு விதமாக இருந்தாலும், கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்ற பொறுப்புச் செவிலியரின் வாதமே தனக்குச் சரியாகப் படுவதாகவும், ஆகவே இடத்தைத் தையல்காரருக்கே வழங்கப் பரிந்துரைப்பதாகவும், இனிமேல் குழுவில் பொறுப்புச் செவிலியருக்கு நிரந்தர இடம் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அந்த அச்சுக் கையெழுத்தில் என் பெயர் இரண்டு இடத்தில் வந்திருந்தது. அந்தக் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நான் திருந்தி வந்ததாக அதிகாரி நினைக்கலாம். அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை சாப்பாட்டு மேஜையில் என் கணவர், "செஞ்ச தப்பை யார் தலையிலயும் போடாம ஒத்துக்கிட்டா பாரு, அவ மனுஷி" என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்டில் நோயாளிகள் கையெழுத்து வாங்கி அவளைக் காவலிலிருந்து விடச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், தையல்காரர் மனைவியும் அதில் கைநாட்டு வைத்திருக்கிறார். அந்த அம்மாள் கைநாட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போனது உண்மை. ஆனால் என் கணவர் சொன்னதைக் கேட்டதும் என் மனதில் முதலில் எழுந்தது, அது என் தப்பு, அதை எப்படி அவள் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். என் மாமியாரை எடுத்துக்கொண்டாள், என் குழு இடத்தை எடுத்துக்கொண்டாள், என் தண்டனையையும் எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய ஆளாகப் போகிறாள். அதை நான் விடமாட்டேன் என்று நினைத்தேன். நல்ல காரியத்தைக் கெட்ட மனதோடு செய்தால் அது நல்லதா என்று அவள் ஒரு வகுப்பில் கேட்டாள். நான் அன்று கை தூக்கவில்லை, இப்போதும் எனக்குப் பதில் தெரியாது. எந்த மனதோடு சொன்னாலும் நடந்தது இதுதான்.

தையல்காரர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, புதன்கிழமை முதல் சனிக்கிழமை வரை அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவர் மனைவியிடம் நானே சொல்ல வேண்டும், அனுமதி கிடைத்தால்.

பச்சைப் பென்சில் ஒன்று, நீளம் நான்கு விரற்கடை, மறுமுனை கடிக்கப்பட்டது, ஒப்படைத்தேன். கடித்தது அவள்.

இந்தத் தாள்கள் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தில் 'மனம் வருந்தி' என்று எழுதியிருந்ததை நான் சொல்லாததால் அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. எஞ்சியது முழுவதும் நான் சொன்னது, நடந்தது. எல்லாத் தாள்களின் வலது மூலையையும் பார்த்துக்கொண்டேன், கோடு எதுவும் இல்லை. கீழே உள்ள கையெழுத்து அவளுடையதைப் போல அழகாக இருக்காது. என்னுடையது.